போயா லீவுக்குப் பஸ் பஸ்ஸாக வருகிறார்கள், எங்களில் யாரோடு கதைக்கிறார்கள்?

பனைமரத்தடி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். பன்னிரண்டு வருடமாக வான் ஓடுகிறேன். வீட்டின் முன்பக்கத்தில் இரண்டு அறை தங்க வருகிறவர்களுக்கு விடுகிறோம், சமையல் மனைவி. வருகிறவர்களில் அரைவாசிக்கு மேல் சிங்களச் சனம். போன மாதம் கொழும்பில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள், கலாசாரச் சுற்றுலாவால் இனங்களுக்கு நடுவில் சமாதானம் வளரும் என்று மேடையில் நாலு பேர் பேசினார்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒரு கேள்வி வந்தது, அங்கே எழும்பிக் கேட்க வாய் வரவில்லை, இங்கே கேட்கிறேன்.

2009 இல் தெற்கிலிருந்து வருகிற ஏ9 பாதை திறந்து, 2014 ஒக்டோபரில் யாழ்தேவி ரயிலும் திரும்ப யாழ்ப்பாணம் வந்துவிட்டது. போயா என்கிற பௌர்ணமி லீவு என்றால் குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்க இடமில்லை. பஸ் விடிய வந்து சேரும், நயினாதீவுக்குப் போய் நாகதீப விகாரையைக் கும்பிடுவார்கள், அதே கையோடு நாகபூசணி அம்மனையும் கும்பிடுகிறவர்கள் நிறையப் பேர். மத்தியானம் நூலகத்துக்கு முன்னால் படம், பிறகு கோட்டை, நல்லூர் வெளிவீதி. பனங்கட்டியும் நெல்லிரசமும் கருவாடும் வாங்கிக்கொண்டு இரவோடு இரவாகத் திரும்பிவிடுவார்கள். சமைக்கிற சட்டி பானையே பஸ்ஸில்தான் வருகிறது. அந்த நாள் முழுக்க அவர்களோடு கதைத்த தமிழ் ஆள் யார் என்று பார்த்தால் பனங்கட்டி விற்கிற அம்மா மட்டும்தான், அதுவும் "கீயத" என்று கேட்க அவர் விலையைச் சொல்லுகிறதோடு முடிந்துவிடும். இப்படி நூறு வருடம் வந்து போனாலும் என்ன வளரப் போகிறது?

ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வெசாக் லீவுக்கு மாத்தறையிலிருந்து ஒரு குடும்பம் வந்து எங்கள் வீட்டில் இரண்டு இரவு தங்கியது. கூட வந்த பாட்டிக்கு எழுபது வயதிருக்கும். நூலக வாசலில் சரஸ்வதி சிலையைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார், பிறகு என்னைப் பார்த்து இது கோயிலா என்று கேட்டார். நான் சின்ன வயதில் கொழும்பில் ஹோட்டலில் வேலை செய்தவன், சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். நூலகம் என்றேன், இது எரிந்த பிறகு திரும்பக் கட்டியது என்றேன். யுத்தத்திலா என்றார். இல்லை அம்மா, யுத்தத்துக்கு முதல், 1981 இல். யார் எரித்தது என்று அடுத்த கேள்வி. எனக்கு ஒரு நிமிடம் தொண்டை அடைத்துவிட்டது. பேரப்பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள், இவர் செருப்பில்லாமல் வெயிலில் நிற்கிறார். சொன்னேன். மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கென்று தெற்கிலிருந்து வந்த பொலிஸாரும் அவர்களோடு வந்த ஆட்களும்தான் என்று. தொண்ணூற்றேழாயிரம் புத்தகம், ஓலைச்சுவடிகளும் போயின என்று. எரிகிறதைப் பார்த்த தாவீது அடிகள் என்ற பாதிரியார் அந்த அதிர்ச்சியிலேயே இறந்துபோனார் என்று. அவர் திரும்பக் கட்டடத்தைப் பார்த்தார். "அப்போது எங்கள் வீட்டில் றேடியோ இருந்தது மகன், ஒருவரும் இதைச் சொல்லவில்லை" என்றார்.

அன்றைக்குப் பின்னேரம் அவர் எங்கள் குசினியில் மனைவியோடு இருந்து சின்ன வெங்காயம் உரித்தார். இராணுவத்தில் இருந்த அண்ணன் மகன் 2000 இல் ஆனையிறவுச் சண்டையில் செத்தது பற்றிச் சொன்னார், உடம்பு வரவேயில்லையாம். மனைவி 95 ஒக்டோபர் இடப்பெயர்வில் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தில் ஒரு இரவு முழுக்க நின்றதைச் சொன்னார். ஒருவர் பாஷை மற்றவருக்கு விளங்காது, நான் நடுவில் நின்று மாற்றி மாற்றிச் சொன்னேன். இந்தச் சித்திரை வருடப்பிறப்புக்கு விடியவே பாட்டியிடமிருந்து போன் வந்தது.

ஆகவே என் கேள்வி இதுதான். எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்குப் பார்க்கிறோம், வந்தவர்களுக்கு இந்த ஊரைப் பற்றி யார் சொல்கிறார்கள், எந்தப் பாஷையில் சொல்கிறார்கள், எத்தனை இரவு தங்குகிறார்கள் என்று ஏன் பார்ப்பதில்லை?

வலிவடக்கு எழுதியது:

அண்ணை, வாசித்து மனம் கனத்தது, பாட்டியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் நிற்கிற இடத்தில் இருந்தும் ஒருக்கால் பாருங்கள். 1990 ஆனியில் உடுத்த உடுப்போடு ஊரை விட்டு வெளிக்கிட்டோம். காணியில் ஒரு பகுதி வந்துவிட்டது, மிச்சம் இராணுவ வேலிக்கு அந்தப் பக்கம். எங்கள் கடற்கரையைப் பார்த்தபடி வெளி ஆட்கள் விடுதியில் படுத்தெழும்புகிறார்கள், அப்பா அந்த மண்ணைக் காணாமலே போய்ச் சேர்ந்தார். தையிட்டியில் தனியார் காணியில் விகாரை கட்டியாயிற்று. போயாவுக்குப் போயா ஒரு பக்கம் கும்பிட வருகிறார்கள், மறுபக்கம் காணிக்காரர் பதாகையோடு வீதியில் இருக்கிறார்கள், நடுவில் பொலிஸ். கும்பிட வருகிற அந்த பஸ்ஸையும் கலாசாரச் சுற்றுலா என்றுதானே கணக்கில் எழுதுவார்கள்?

யுத்தம் முடிந்த கையோடு தெற்கிலிருந்து வந்தவர்களுக்கு எதைக் காட்டினார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஆனையிறவில் புலிகளின் கவச புல்டோசரும் இராணுவ நினைவுத்தூபியும், கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கி, புதுக்குடியிருப்பில் புலிகளின் தலைவரின் நிலக்கீழ் வீடு. ஆனையிறவில் தங்கள் பிள்ளைகளுக்குப் பூ வைத்தார்கள், வைக்கட்டும், பெற்ற வயிறு. புலிகளின் கல்லறைகள் இருந்த கோப்பாய்த் துயிலும் இல்லத்தை மட்டமாக்கி அதன் மேல் முகாம் கட்டினார்கள், அங்கே தன் பிள்ளையைப் புதைத்த தாய் எங்கே கொண்டுபோய்ப் பூ வைக்கிறது? முதலில் இதைத் தீர்க்கட்டும், சுற்றுலா பிறகு வரட்டும் என்பதுதான் என் நிலைப்பாடு.

கம்பஸ்பெடியன் எழுதியது:

வலிவடக்கு அண்ணை சொல்வது ஆராய்ச்சிக்காரரும் சொன்னதுதான். நான் வரலாறு படிக்கிறேன், இந்த விஷயம் எனக்குக் கொஞ்சம் பழக்கம். ஐ.நா. சபை 1967 ஐச் சர்வதேச சுற்றுலா ஆண்டாக அறிவித்தபோது சுற்றுலா சமாதானத்துக்கான கடவுச்சீட்டு என்றுதான் சுலோகம் போட்டது. அதற்குப் பதின்மூன்று வருடம் முன்பே, 1954 இல், கோர்டன் ஓல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் சும்மா சந்திப்பதால் வெறுப்புக் குறையாது என்று எழுதிவிட்டார். சந்திக்கிற இரண்டு பக்கமும் சம நிலையில் இருக்க வேண்டும், இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு காரியம் இருக்க வேண்டும், அதைச் சேர்ந்து செய்ய வேண்டும், சட்டமும் அதிகாரமும் அந்தச் சந்திப்புக்குத் துணை நிற்க வேண்டும். விலை கேட்கிறவரும் விற்கிறவரும் சந்திப்பதில் இதில் எது இருக்கிறது? பனைமரத்தடி அண்ணையின் குசினியில் முதல் மூன்றும் இருந்தன, வலிவடக்கு அண்ணை கேட்பது நாலாவதை. எகிப்தோடு ஒப்பந்தம் ஆன பிறகு அங்கே சுற்றுலா போன இஸ்ரேலியர்களைப் போக முதலும் வந்த பிறகும் விசாரித்துப் பார்த்த ஆய்வு ஒன்றும் இருக்கிறது, அந்தப் பயணத்தால் எண்ணம் நல்ல பக்கம் மாறவில்லை என்பதுதான் முடிவு.

ஆனால் எல்லாம் தீர்ந்த பிறகுதான் என்று காத்திருக்க வேண்டுமா என்பதில் எனக்கு வேறு அபிப்பிராயம். சைப்பிரஸில் இன்றுவரை அரசியல் தீர்வு இல்லை. 1974 இல் கிரேக்கர் பக்கம், துருக்கியர் பக்கம் என்று பிரிந்த தீவு, 2003 சித்திரையில் நிக்கோசியாவில் ஒரு கடவையைத் திறந்தார்கள், இரண்டு பக்கத்துச் சனமும் மணித்தியாலக் கணக்காக வரிசையில் நின்று போய்த் தங்கள் பழைய வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அதில் இப்போது குடியிருக்கிறவர்கள் சிலர் கோப்பி கொடுத்து, வைத்திருந்த கலியாணப் படங்களை எடுத்துக் கையில் கொடுத்தார்கள். காணி திரும்பவில்லைதான். ஆனால் 2008 இல் இரண்டு பக்கத்தையும் சேர்ந்த ஒரு குழு அமைந்து வடக்கில் கிடந்த தேவாலயங்களையும் தெற்கில் கிடந்த பள்ளிவாசல்களையும் சேர்ந்து திருத்தத் தொடங்கியது. வட அயர்லாந்தின் பெல்பாஸ்டில் இன்னும் நேராகச் செய்கிறார்கள். சிறைக்குப் போய் வந்த ஐரிஷ் தேசியவாதி ஒருவர் உங்களை ஃபோல்ஸ் வீதி வழியே தன் கதையைச் சொல்லிக் கூட்டிப்போவார், இரண்டு பகுதியையும் பிரிக்கிற சுவருக்குக் கிட்ட வந்ததும் மறுபக்கத்தைச் சேர்ந்த, அதே மாதிரிச் சிறையில் இருந்த இன்னொருவரிடம் ஒப்படைப்பார், அவர் ஷாங்கில் பக்கத்துக் கதையைச் சொல்வார். இரண்டையும் ஒன்றாக்க ஒருவரும் முயல்வதில்லை, கேட்கிறவர் இரண்டையும் சுமந்துகொண்டு போக வேண்டியதுதான்.

எங்களுக்குள்ளேயும் ஒன்று பார்க்க வேண்டியிருக்கிறது. சனி ஞாயிறில் நான் சில நேரம் கந்தரோடையில் போய் நிற்பேன், அந்தச் சின்னச் சின்னப் பழைய பௌத்தத் தாதுகோபங்கள் இருக்கிற வளவில். சிங்கள பஸ் வரும், கதுருகொட என்பார்கள், இது எங்கள் இடம் என்று வந்த கையோடு சொல்கிறவர்களும் உண்டு. ஒரு தடவை ஒரு பெடியன், பத்தாம் வகுப்பு இருக்கும், தமிழரும் பௌத்தராக இருந்தார்களா என்று என்னிடம் இங்கிலிஷில் கேட்டான். காஞ்சிபுரத்தையும் நாகப்பட்டினத்தையும் பற்றிச் சொன்னேன், மணிமேகலையில் வருகிற மணிபல்லவம் நயினாதீவுதான் என்று அறிஞர் பலர் கருதுவதையும் சொன்னேன். புத்தகத்தில் இப்படி இல்லை என்றான். எங்கள் சனமோ அந்த இடத்தை உரிமை கொண்டாடவும் பயம், கைவிடவும் பயம் என்று விலகி நிற்கிறது. நாங்கள் சொல்லாவிட்டால் வேறு யாரோ சொல்வார்கள்.

சோனகதெரு எழுதியது:

எல்லாருக்கும் ஸலாம். நாங்கள் சொல்லாவிட்டால் வேறு யாரோ சொல்வார்கள் என்று தம்பி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களான எங்களைப் பற்றி ஒருவருமே சொல்வதில்லை.

1990 ஒக்டோபர் 30. எனக்கு ஒன்பது வயது. ஒலிபெருக்கியில் எல்லாரையும் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்றார்கள். சொன்னவர்கள் புலிகள், தமிழர், நாங்களும் தமிழ்தான் பேசினோம். உம்மா காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் பதினெட்டு வருடம். அந்த மாதம் வடக்கு முழுவதிலுமாக எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இப்படி அனுப்பப்பட்டார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன், பழைய வீட்டுச் சுவருக்குள் மரம் முளைத்திருந்தது, வெட்டிவிட்டுத் தகரம் போட்டுக் கடை நடத்துகிறேன்.

எங்கள் தெருவுக்கும் நூலகத்துக்கும் இடையில் வாகனத்தில் ஐந்து நிமிடம். ஒரு சுற்றுலா வான் இந்தப் பக்கம் திரும்பியதை நான் காணவில்லை, சிங்களவரைக் கொண்டுவருகிற வானும் இல்லை, கனடாவில் இருந்து வருகிற உங்கள் சொந்தக்காரரின் வானும் இல்லை. இலங்கை சிவில் சேவைக்குப் போன முதல் முஸ்லிம் அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் வண்ணார்பண்ணையில் பிறந்து யாழ் இந்துக் கல்லூரியில் படித்தவர் என்று எத்தனை வழிகாட்டிக்குத் தெரியும்? நூலகத்தை எரித்தவர் யார் என்று பாட்டிக்குச் சொன்னீர்கள் அண்ணை, நல்லது. எங்களை அனுப்பியது யார் என்று அவர் கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பீர்களா?

பனைமரத்தடி எழுதியது:

தம்பி, சொல்லியிருக்க மாட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பன்னிரண்டு வருடத்தில் ஒருநாளும் அந்தத் தெருவுக்குள் வானைத் திருப்பவில்லை, அவர்கள் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

90 இல் எனக்குப் பதின்மூன்று வயது. நீங்கள் போன பிறகு, அந்த வருடக் கடைசியில், எங்கள் வீட்டுக்கு ஒரு தையல் மெஷின் வந்தது. மலிவாக எடுத்தது என்று அப்பா சொன்னார், யாருடையது என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை, எங்கள் எல்லாருக்கும் தெரியும். அம்மா 95 இடப்பெயர்வு வரை அதில் ஊர்ப்பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைத்துத்தான் எங்களைப் படிப்பித்தார். இதை இன்றுவரை வெளியில் சொன்னதில்லை.

குருநாகல்டீச்சர் எழுதியது:

நான் சிங்களம். பாடசாலையில் தமிழ் இரண்டாம் மொழியாகப் படிப்பிக்கிறேன். பிழை இருந்தால் மன்னிக்கவும். இந்த இழையை மெதுவாக, அகராதியும் வைத்துக்கொண்டு வாசித்தேன்.

2011 இல் நான் பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் வந்தேன். எங்களுக்கு எல்லாம் விளக்கியவர் சீருடை போட்ட ஒருவர். நல்ல மனிதர், ஆனால் அவருக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார். தமிழ் ஆட்களிடம் கேட்க எனக்கு வெட்கம். கேட்டால் கோபம் வருமோ என்று பயம். எங்கள் ஆட்கள் படம் எடுத்துவிட்டுப் போவதற்குப் பாதிக் காரணம் அந்தப் பயம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று சொல்லலாமா? 1996 ஜனவரி 31 இல் கொழும்பு மத்திய வங்கியில் புலிகளின் குண்டு வெடித்தபோது என் அக்கா பக்கத்துக் கட்டடத்தில் வேலையில் இருந்தார். கண்ணாடி உடைந்து முகத்தில் பட்டது. வலது கண் போய்விட்டது. அவர் யாழ்ப்பாணம் வர விரும்பவில்லை. நான் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் யாராவது யாழ்ப்பாணத்தில் இருந்து எங்கள் வீட்டுக்கு வந்தால் கதைப்பேன் என்று சொல்கிறார். நாங்கள் மட்டும் வந்து பார்த்துக்கொண்டிருந்தால் எப்படிச் சமம் ஆகும்?

எங்கள் பாடசாலையில் பதினான்கு ஆசிரியர்கள் வரத் தயார். மூன்று இரவு தங்குவோம். எங்களுக்கு யார் சொல்வீர்கள்?

சந்நிதியான் எழுதியது:

டீச்சர் அம்மா, பிழை ஒன்றும் இல்லை, நல்ல தமிழ். எங்கள் பக்கத்தில் இருந்து தெற்குக்குப் போகிற வழி ஒன்று பழைய நாளிலேயே இருக்கிறது, அதைத்தான் சொல்ல வந்தேன். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் முருகனின் வேலைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டால் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, உகந்தை என்று ஒன்றரை மாதத்துக்கு மேல் நடந்து கதிர்காமக் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேருவோம். மூன்று தரம் நடந்திருக்கிறேன். பாணமைக்குப் போனால் ஒரே வீட்டில் சிங்களமும் தமிழும் கதைப்பார்கள். ஒரு சிங்கள அம்மா என் காலில் இருந்த கொப்புளத்தைப் பார்த்துவிட்டு வேப்பெண்ணெயில் திரி நனைத்துச் சூடு காட்டி ஒத்தடம் போட்டார், மகள் பக்கத்தில் கஞ்சிக் கோப்பையோடு நிற்கிறாள், அந்த வீட்டுச் சுவரில் இராணுவ உடுப்போடு ஒரு பெடியனின் படம், மாலை போட்டது. நான் படத்தைப் பார்த்ததை அந்த அம்மாவும் பார்த்தார். இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. அடுத்த வருடமும் நான் அந்த வீட்டில்தான் தங்கினேன்.

கதிர்காமத்தில் எங்களுக்கு முருகன், அவர்களுக்குக் கதரகம தெய்யோ. எங்கள் வற்றாப்பளைக் கண்ணகி அவர்களுக்குப் பத்தினி தெய்யோ. மடு மாதா திருவிழாவில் இரண்டு பாஷையிலும் பூசை. சிங்களத்து நாடகம என்கிற பாட்டு நாடகமே எங்கள் கூத்தில் இருந்து போனதுதான். இதையெல்லாம் புதிதாக ஒருவரும் உண்டாக்கத் தேவையில்லை, இருக்கிற வழியில் ஆட்களை நடக்க விட்டால் போதும்.

கொழும்பு6 எழுதியது:

டீச்சர் கேட்ட சமம் என்கிறதில் ஒரு சின்ன விஷயம். எங்கள் பிள்ளைகள் தெற்குக்குச் சுற்றுலா போனால் சிகிரியா ஏறி, பேராதனைப் பூங்கா பார்த்துவிட்டு வருவார்கள், யாருடைய வீட்டுத் திண்ணையிலும் ஏறுவதில்லை. அனுராதபுரத்தில் எல்லாளன் சமாதி என்று சனம் காலங்காலமாகச் சொல்லி வந்த மேட்டைத் தொல்பொருள்காரர் பிறகு தக்கிண தூபி என்று சொல்லிவிட்டார்கள். அது எதுவாகவும் இருக்கட்டும், தோற்ற எல்லாளனுக்கு வென்ற துட்டகைமுனு நினைவிடம் கட்டி வழிபடச் செய்தான், பிறகு வந்த இளவரசர்களும் அந்த இடத்தை நெருங்கும்போது வாத்தியத்தை நிறுத்துவார்கள் என்பது மகாவம்சத்திலேயே இருக்கிறது. எங்கள் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனால் இந்தக் கதையை ஒரு சிங்கள வழிகாட்டி தமிழில் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பிறகு காசு விஷயம். பதினான்கு பேரும் நகரத்து ஹோட்டலில் தங்காமல் வீடுகளில் தங்கட்டும், ஒடியல் கூழ் காய்ச்சுகிற அம்மாவுக்குக் காசு போகட்டும். துக்கத்தைச் சொல்கிறவருக்கு மட்டும் அதற்கென்று கூலி கொடுக்கக் கூடாது, நாளடைவில் சொல்லே மாறிவிடும்.

வலிவடக்கு எழுதியது:

டீச்சர், உங்கள் அக்காவின் கண்ணுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மனதில் வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

என் நிலைப்பாடு மாறவில்லை, காணி வர வேண்டும். ஆனால் நீங்கள் வந்தால் வேலி ஓரம் வரை நான் கூட்டிப்போகிறேன், எங்கள் கிணறு தெரிகிற இடம் ஒன்று இருக்கிறது. இரண்டே நிபந்தனை. "இப்போது எல்லாம் சரிதானே" என்று ஒருவரும் சொல்லக்கூடாது. அங்கே நின்று குழுப்படம் எடுக்கக்கூடாது.

குருநாகல்டீச்சர் எழுதியது:

சரி ஐயா. இரண்டுக்கும் சரி.

பனைமரத்தடி எழுதியது:

அப்படியென்றால் ஓகஸ்ட் பாடசாலை லீவில் வைப்போம். எங்கள் வீட்டில் நாலு பேர், மிச்சம் பக்கத்து வீடுகளில் நான் கதைத்துவிட்டேன். நயினாதீவுக்கு முதல் படகில் போய், விகாரை, அம்மன் கோயில் இரண்டிலும் கும்பிட்டுவிட்டு வருவோம். கந்தரோடையில் கம்பஸ்பெடியன் சொல்லட்டும், நான் சிங்களத்தில் மாற்றுகிறேன். வேலி ஓரத்துக்கு வலிவடக்கு. நூலகத்துக்குப் பின்னேரம் வெயில் தணிந்த பிறகு. மார்கழி லீவில் நாங்கள் பன்னிரண்டு பேர் குருநாகல் வருகிறோம், டீச்சரின் அக்காவிடம் கேட்டுச் சொல்லுங்கள். சோனகதெருத் தம்பி, உங்கள் தெருவுக்கு வரலாமா? நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், நீங்கள் சொல்வதை மாற்றிச் சொல்வது மட்டும்தான் என் வேலை.

சோனகதெரு எழுதியது:

வாருங்கள் அண்ணை. வெள்ளிக்கிழமை வேண்டாம், ஜும்ஆ. வேறு எந்த நாளும் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு வரலாம், தேத்தண்ணீர் நான் போடுகிறேன். மாமாவுக்கு எண்பது வயது, பழைய கடைகள் ஒவ்வொன்றும் எங்கே இருந்தது என்று நடந்து காட்டுவார்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த மெஷின் எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? உம்மாவிடம் ஒரு சிங்கர் இருந்தது. எங்களுடையதாக இருக்க வேண்டும் என்று இல்லை, ஆயிரம் வீட்டில் மெஷின் இருந்தது. ஆனால் உம்மா கேட்கச் சொன்னார்.

பனைமரத்தடி எழுதியது:

சிங்கர்தான். கறுப்பு, காலால் மிதிக்கிறது. இடது பக்கத்து லாச்சி இல்லாமல்தான் வந்தது, அம்மா அந்த இடத்தில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்திருந்தார். 95 இல் விட்டுவிட்டுப் போய் அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அது வீட்டில் இருக்கவில்லை.

அம்மாவிடம் இன்று காலை சொன்னேன். ஓகஸ்ட் வரை வேண்டாம், இந்தச் சனிக்கிழமையே கூட்டிப்போ என்கிறார். உம்மா வீட்டில் இருப்பாரா?